சொட்டு எண்ணெய்தானே என்று விடலாமா?

காலையில் கார் கொட்டகையைத் திறக்கிறார் சொந்தக்காரர். நேற்று இரவு கம்பீரமாக நின்ற கார், இப்போது வயிறு தரையைத் தொடும்படி படுத்துக் கிடக்கிறது!

குனிந்து பார்க்கிறார். தரையிலே உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். பச்சை நிற எண்ணெய்.

"ஓகோ, ஒழுகுகிறதா?" என்கிறார். அலமாரியிலிருந்து எண்ணெய் டப்பாவை எடுக்கிறார். தொட்டியில் ஊற்றுகிறார். என்ஜினைக் கிளப்புகிறார். கார் மெல்ல எழுந்து நிற்கிறது. ஏறிப் போய்விடுகிறார்.

மறுநாளும் இதே கதை. மறு வாரமும் இதே கதை.

பிரெஞ்சு நாட்டில் பழைய சிட்ரோயன் டி.எஸ். கார் வைத்திருக்கும் வீடுகளில் நடக்கக்கூடிய சங்கதி இது.

இப்படி ஊற்றி ஊற்றி ஓட்டுவது சரியா?

சரியே அல்ல. அது வைத்தியம் அல்ல. நோயை மூடி மறைப்பது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் அந்தக் காரைத் தெருவில் இறக்கக்கூடாது. இறக்கினால் ஓட்டுகிறவர் உயிருக்கும் ஆபத்து. எதிரே வருகிறவர் உயிருக்கும் ஆபத்து!

ஒரு சொட்டு எண்ணெய்க்கு இவ்வளவு பயமா? ஆம். அந்தக் கார் எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்தால் பயத்தின் காரணமும் தெரியும்.

எண்ணெயின்மேல் நிற்கும் கார்

சாதாரணக் கார்களைத் தாங்கி நிற்பது இரும்பு ஸ்பிரிங். டி.எஸ். காரில் அது கிடையாது.

அதற்குப் பதிலாக, சக்கரத்துக்கு ஒன்று வீதம் நான்கு இரும்பு உருண்டைகள். ஒவ்வொரு உருண்டைக்கு உள்ளேயும் நடுவில் ஒரு ரப்பர்த் திரை. திரைக்கு ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு. மறு பக்கம் எண்ணெய்.

சக்கரம் கல்லில் ஏறினால் எண்ணெய் திரையைத் தள்ளும். வாயு சுருங்கும். கல்லைத் தாண்டியதும் வாயு விரியும். உள்ளே இருப்பவருக்குக் குலுக்கல் தெரியாது. மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

காரில் எத்தனை பேர் ஏறினாலும் உயரம் மாறாது. பாரம் கூடினால் எண்ணெய் கூடுதலாகப் போய்த் தூக்கிவிடும். பாரம் குறைந்தால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பிவிடும்.

இந்த அமைப்பை உருவாக்கியவர் பால் மாஜெஸ். 1925-ம் ஆண்டில், 17 வயதில் சிட்ரோயன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். பொறியியல் பட்டம் பெற்றவர் அல்ல. அனுபவத்தால் கற்றவர். அவருடைய யோசனை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

1955-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பாரிஸ் நகர மோட்டார் கண்காட்சியில் டி.எஸ். காரை வைத்தார்கள். கூட்டம் அலைமோதியது. முதல் நாளிலேயே சுமார் 12,000 பேர் "எனக்கு ஒன்று வேண்டும்" என்று பதிவு செய்தார்கள்!

டி.எஸ். என்ற எழுத்துக்களைப் பிரெஞ்சு மொழியில் சேர்த்துச் சொன்னால் "தேவதை" என்று பொருள்படும். பெயரும் பொருத்தமாக அமைந்துவிட்டது. 1975-ம் ஆண்டு வரை இந்தக் கார்கள் தயாராகின. 14 லட்சத்துக்கு மேல் விற்றன.

இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. 1965-ல் வெளியிட்ட "சில்வர் ஷேடோ" காருக்கு, சிட்ரோயன் கம்பெனியிடம் உரிமை வாங்கி இந்த எண்ணெய் அமைப்பைப் பயன்படுத்திக்கொண்டது.

குண்டு மழையில் ஓடிய கார்

1962-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி. பிரெஞ்சு ஜனாதிபதி டிகால், மனைவியோடும் மருமகனோடும் டி.எஸ். காரில் போய்க்கொண்டிருந்தார். பாரிசுக்கு அருகே பெத்தி கிளமார் என்ற இடத்தில் கொலைகாரர்கள் பதுங்கியிருந்தார்கள். துப்பாக்கிகள் வெடித்தன. காரில் குண்டுகள் பாய்ந்தன. டயர்களும் கிழிந்தன.

கார் நிற்கவில்லை, கவிழவும் இல்லை. டிரைவர் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டித் தப்பினார். டிகால் உயிர் பிழைத்தார். டிரைவரின் சாமர்த்தியத்தோடு, காரைச் சமமாகத் தாங்கிய எண்ணெய் அமைப்பும் துணை நின்றது என்று இன்றும் சொல்கிறார்கள்.

எண்ணெய் நல்லபடி இருந்தால் இவ்வளவு செய்யும். அது ஒழுகிவிட்டால்?

அதே எண்ணெய்தான் பிரேக்கும்!

காரைத் தூக்கி நிறுத்துவதோடு அந்த எண்ணெயின் வேலை முடியவில்லை. பிரேக் பிடிப்பதும் அதே எண்ணெய்தான். ஸ்டியரிங்கைத் திருப்ப உதவுவதும் அதுதான். பல டி.எஸ். கார்களில் கிளச்சையும் கியரையும் இயக்குவதும் அதுவே. மனித உடம்பில் ரத்தம் எப்படியோ, அப்படி!

என்ஜின் சுற்றும்போது ஒரு பம்பு இந்த எண்ணெயை அழுத்துகிறது. எவ்வளவு அழுத்தம்? கார் டயரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். இந்தக் குழாய்களில் 2,000 பவுண்டுக்கு மேல்!

எண்ணெய் தீர்ந்து அழுத்தம் போய்விட்டால், பிரேக்குக்கு என்று ஒரு கையிருப்பு உண்டு. சில தடவை மிதிக்கலாம். அதுவும் தீர்ந்தால், காரை நிறுத்திவைக்கும்போது போடுகிற பிரேக் ஒன்றுதான் மிச்சம்.

அழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்த உடனே வண்டியை ஓரங்கட்ட வேண்டும். "வீடு பக்கந்தானே, போய்விடலாம்" என்று நினைப்பவன், பிரேக் இல்லாத காரில் உட்கார்ந்திருக்கிறான்.

படுத்துவிட்டால் ஒழுகல் என்று அர்த்தமா?

இல்லை. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

என்ஜினை நிறுத்தி இரவு முழுவதும் விட்டால் டி.எஸ். கார் தாழ்ந்து படுப்பது இயல்பு. உள்ளே இருக்கும் எண்ணெய் கொஞ்சங் கொஞ்சமாகத் தொட்டிக்குத் திரும்பிவிடுகிறது. அது நோய் அல்ல, தூக்கம்!

நிறுத்திய சில நிமிஷங்களுக்குள் படுத்துவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்போது முதலில் பார்க்க வேண்டியது தொட்டியை. எண்ணெய் அளவு நாளுக்கு நாள் குறைகிறதா? குறைந்தால் எண்ணெய் வெளியே ஒழுகுகிறது. குறையவில்லையா? அப்படியானால் உள்ளுக்குள்ளேயே ஏதோ ஒரு பாகம் தேய்ந்து, எண்ணெயைப் பிடித்துவைக்காமல் தொட்டிக்கு விடுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அளவு பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. என்ஜின் ஓட வேண்டும். கார் முழு உயரத்துக்கு எழுந்து நிற்க வேண்டும். அப்போதுதான் பார்க்க வேண்டும். படுத்திருக்கும் காரில் எண்ணெயெல்லாம் தொட்டிக்கு வந்திருக்கும். "நிறைய இருக்கிறதே" என்று ஏமாந்து போவோம்.

இன்னொன்று. கார் கட்டை வண்டி மாதிரி தூக்கித் தூக்கிப் போடுகிறதா? அது பெரும்பாலும் எண்ணெய் ஒழுகியதால் அல்ல. உருண்டையில் இருந்த வாயு குறைந்ததால்! அதற்குப் போய் எண்ணெய் ஊற்றினால் என்ன பயன்?

சொட்டு விழும் இடம் வேறு, ஓட்டை வேறு

ஓட்டு வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இது தெரியும். மழைத் தண்ணீர் கட்டிலின்மேல் சொட்டும். ஆனால் உடைந்த ஓடு கட்டிலுக்கு நேர்மேலே இருக்காது. எங்கோ உடைந்த ஓட்டில் இறங்கி, மரத்தில் வழிந்து வந்து இங்கே சொட்டும்.

காரிலும் அப்படித்தான். எண்ணெய் குழாயோடு வழிந்து வந்து வேறோர் இடத்தில் விழும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் அடித்துக்கொண்டு போகும். ஆகையால் நனைந்திருக்கும் இடங்களில் மிக உயரத்திலும், மிக முன்னாலும் இருப்பது எது என்று தேட வேண்டும். ஓட்டை அநேகமாக அங்கேதான் இருக்கும்.

நல்ல மெக்கானிக் எடுத்த எடுப்பில் திருப்புளியைத் தொடமாட்டார். முதலில் அழுக்கையும் பழைய எண்ணெயையும் சோப்புத் தண்ணீரால் கழுவுவார். நன்றாகக் காயவிடுவார். காருக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரிப்பார். என்ஜினைக் கிளப்பிக் காத்திருப்பார். புதிதாக விழும் சொட்டு அவருக்கு வழி காட்டும்.

என்ஜின் ஓடும்போது பீச்சினாலோ, புகைபோலத் தெறித்தாலோ, அது அழுத்தம் உள்ள இரும்புக் குழாய். பழைய கார்களில் இவை துருப்பிடித்து ஊசித் துளை விழும். என்ஜின் நின்ற பிறகும் மெல்லச் சொட்டினால், அது பெரும்பாலும் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிக் கொண்டுவரும் ரப்பர்க் குழாய். அல்லது சக்கரத்தின் அருகே சிலிண்டரை மூடியிருக்கும் ரப்பர் உறை. வயதான காரில் இந்த ரப்பர்கள் வெடித்துவிடும். பெரிய கோளாறு என்று பயந்தது பல சமயம் இந்தச் சின்ன ரப்பரில் வந்து முடியும்!

காதையும் தீட்டிக்கொள்ள வேண்டும். என்ஜின் ஓடும்போது "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். பம்பு மறுபடி அழுத்தத்தை ஏற்றத் தொடங்குகிறது என்று அர்த்தம். எப்போதோ ஒரு தடவை கேட்டால் நல்லது. கார் சும்மா நிற்கும்போதே சில விநாடிக்கு ஒரு தடவை "டிக், டிக்" என்றால், எங்கோ அழுத்தம் வீணாகிறது. அல்லது அழுத்தத்தைச் சேமித்துவைக்கும் உருண்டை கெட்டுவிட்டது.

கையை வைக்காதே!

இரண்டு எச்சரிக்கைகள் மிக முக்கியம்.

ஒழுகும் இடத்தை வெறுங்கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளையிலிருந்து பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய மாதிரிதான் தெரியும். உள்ளே சதை அழுகிப்போகும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க நேரிடலாம். ஓர் அட்டையைக் காட்டிப் பார்ப்பதே முறை. குழாயைக் கழற்றும் முன் என்ஜினை நிறுத்தி அழுத்தத்தை வெளியேற்றிவிட வேண்டும்.

கார் உயர்ந்து நிற்கிறதே என்று அடியில் படுக்கக்கூடாது. அது எண்ணெயின்மேல் நிற்கிறது. குழாய் விட்டால் அப்படியே கீழே இறங்கிவிடும். அடியில் இருப்பவர் நசுங்கிப் போவார். உறுதியான இரும்புத் தாங்கிகளை வைத்த பிறகே அடியில் போக வேண்டும்.

சிவப்பா, பச்சையா?

ஊற்றுகிற எண்ணெயிலும் ஆபத்து உண்டு. ஆரம்பகால டி.எஸ். கார்களுக்குச் சிவப்பு எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியது. உள்ளே துருப்பிடித்தது. ஆகையால் 1966-ம் ஆண்டில் பச்சை நிறத் தாது எண்ணெயைக் கொண்டுவந்தார்கள். அதற்கான பாகங்களுக்கும் பச்சை வர்ணம் பூசினார்கள். தவறு நேரக்கூடாது என்பதற்காகத்தான்!

சிவப்புக்கு உரிய காரில் பச்சையை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். பச்சைக்கு உரிய காரில் சாதாரண பிரேக் எண்ணெயை ஊற்றினாலும் அதே கதிதான். பத்துச் சொட்டு ஒழுகலை நிறுத்தப் போய், கார் முழுவதையும் பிரித்துப்போட வேண்டி வரும்.

யார்மேல் குற்றம்?

"இந்தக் காரே தொல்லை பிடித்தது" என்பார்கள் சிலர். "பழைய காருக்கு யார் செலவழிப்பது? எண்ணெய் டப்பா மலிவு" என்பார்கள் வேறு சிலர்.

இரண்டும் தப்பு. இரும்பு ஸ்பிரிங்கும் உடையும். எந்த இயந்திரமும் கவனிக்காவிட்டால் கெடும். டப்பா மலிவுதான். ஆனால் ஐம்பது டப்பா ஊற்றிய பிறகும் ஓட்டை அப்படியே இருக்கும், பெரிதாகவும் ஆகும். ஒரு ரப்பர்க் குழாயை மாற்றியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். எண்ணெய் இல்லாமல் ஓடி பம்பு கெட்டுப்போனால் செலவு எங்கே போய் நிற்கும்?

எப்போதாவது அவசரத்துக்கு ஊற்றத்தான் வேண்டியிருக்கும். ஊற்றட்டும். பட்டறை வரை மெதுவாகப் போய்ச் சேரட்டும். அதற்கு மேல் அந்த டப்பாவை நம்பக்கூடாது.

அரை நாள் பொறுமையும், ஒரு டார்ச் லைட்டும், நாலு பழைய செய்தித்தாளும் போதும், ஒழுகல் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள. பிறகு விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் விடலாம்.

தன் காரில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு போகிறவர், ஓட்டையை அடைத்த பிறகுதான் எண்ணெய் டப்பாவைத் திறக்க வேண்டும்.