கைப்பேசியில் சீன அகராதி

சீன எழுத்துக்கு நெடுங்கணக்கு இல்லை. ஒலி தெரியாத எழுத்தை அகராதியில் தேடுவது எப்படி? 1716-இல் வெளிவந்த காங்ஸி அகராதி, எழுத்துகளை 214 உறுப்புகளின்கீழ் வகுத்தது. கோடுகளை எண்ணித் தேட வேண்டும். இன்றோ கைப்பேசித் திரையில் விரலால் வரைந்தால் போதும். பொருள் வந்து நிற்கிறது. மருத்துவம் பயிலச் சீனம் செல்லும் தமிழ் மாணவர்களுக்கு இது பெருந்துணை. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி பேசுவது சீனம் அல்லவா?

ஆனால் ஒரு குறை உண்டு. பிளெக்கோ போன்ற அகராதி பொருள் கூறுவது ஆங்கிலத்தில். கடலூரில் தமிழ்வழி பயின்ற பிள்ளை, ஒரு சொல்லுக்கு இரண்டு மொழிகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. 'மாய்' என்பதைத் தாழ்த்தி எழுப்பினால் வாங்குதல்; ஓங்கி இறக்கினால் விற்றல். இத்தகைய நுட்பம் தாய்மொழியில் விளக்கினால்தான் மனத்தில் பதியும்.

சிதம்பரத்தில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கைப்பேசிக்கு ஏற்ற சீன-தமிழ் அகராதி ஒன்றை ஆக்கித் தர முன்வரட்டும். தமிழுலகம் நன்றி பாராட்டும்.