கேட்பதற்குக் கூலி இல்லை

குத்தாலம் என்றதும் அருவியில் குளிக்கத் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். இது மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே காவிரிக் கரையில் இருக்கும் குத்தாலம். அங்கே என் மச்சானிடம் ஒரு பழைய ஆம்னி வேன் இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்காகப் போனவனை மயிலாடுதுறை ஸ்டேஷனில் வந்து ஏற்றிக்கொண்டார். மூவலூர் தாண்டுவதற்குள், வண்டியின் பின்பக்கத்திலிருந்து மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு உறுமல்.

"என்ன மச்சான் சத்தம்?"

"அது ஆறு மாசமா இருக்கு மாப்ளே. பாட்டு போட்டா கேக்காது" என்று வால்யூமைக் கூட்டினார்.

தோண்டித் துருவியதில் கதை வெளியே வந்தது. முதல் மெக்கானிக், "டயர்தான் சார்" என்றார். பின்டயர் இரண்டும் புதுசு போட்டாச்சு, சத்தம் போகவில்லை. இரண்டாமவர், "புரொப்பெல்லர் ஷாஃப்ட்ல கிராஸ் போயிருக்கும்" என்றார். அதையும் மாற்றியாச்சு, போகவில்லை. மூன்றாமவர், "டிஃபரன்ஷியலை இறக்கிடலாம்" என்று நாள் குறித்திருக்கிறார். மூவரும் சொன்னது ஒரே வார்த்தை: "மாத்திப் பாப்போம்." மூவரும் செய்யாததும் ஒன்றே. வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை!

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? பில்களைக் கூட்டினேன். 9,400 ரூபாய். அத்தனையும் மெக்கானிக்குகளின் சந்தேகத்துக்கு மச்சான் கட்டிய கப்பம்.

வண்டியின் சத்தம் ஒரு வாக்குமூலம். காது கொடுத்தால் குற்றவாளியை அதுவே காட்டிக்கொடுக்கும். ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில், ஓடுவது பின்சக்கரம். அதனால் பின்னால் சந்தேக நபர்கள் அதிகம். ஆனால் ஒவ்வொருவருக்கும் குரல் வேறு. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் கடகடத்தால் பட்டையையும் அதன் புஷ்ஷையும் பாருங்கள். வண்டி கிளம்பும்போது, ரிவர்ஸ் போடும்போது 'டொக்' என்றால் கிராஸ். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, விட்டால் வேறு சுருதி என்றால் கிரவுன் பினியன் பக்கம் போகலாம். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். வேகத்தோடு கூடவே ஏறி இறங்கி, ஒரு பக்கம் வளையும்போது மட்டும் அதிகமானால் பெரும்பாலும் சக்கர பேரிங். இடப்பக்கம் வளைத்தால் பாரம் வலப்பக்கம் சாயும். அப்போது உறுமல் கூடினால் வலது பேரிங்தான். இதற்கு கம்ப்யூட்டர் வேண்டாம். காலியான ரோடும் கவனமும் போதும்.

மறுநாள் ஒரு பெரியவரின் ஷெட்டுக்குப் போனோம். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கிலோமீட்டர் வந்தார். பாட்டை நிறுத்தச் சொன்னார். பிறகு முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, வலது சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இன்னொரு கையைப் பட்டையின் மேல் வைத்தார், நாடி பிடிக்கிற மாதிரி. "பேரிங்." அவ்வளவுதான்! ஆக்ஸிலை உருவி, பழைய பேரிங்கை அறுத்தெடுத்து, புதுசை பிரஸ்ஸில் வைத்து ஏற்றினார்கள். பில் 1,100 ரூபாய். உறுமல் போச்சு. அந்த பேரிங் உடைந்திருந்தால் சக்கரம் ஆக்ஸிலோடு சேர்ந்து வெளியே வந்திருக்கும். மச்சானின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வண்டி அது.

"கண்டுபிடிச்சதுக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "அதுக்கெல்லாம் யார் சார் குடுப்பாங்க?"

என் கோபம் அங்கேதான் திசை திரும்பியது. டாக்டர் நாடி பார்த்தாலே ஃபீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக் அரை மணி நேரம் காது கொடுத்துவிட்டு, "ஒண்ணும் மாத்த வேண்டாம்" என்றால் டீக்காசோடு அனுப்புகிறோம். பார்ட்ஸ் மாற்றினால் மட்டும் பர்ஸைத் திறக்கிறோம். அப்புறம் அவர் எதைச் செய்வார்? எதற்கு விலை கொடுக்கிறோமோ, அதுதான் சந்தைக்கு வரும். 'மாத்திப் பாப்போம்' என்ற வியாதியை வளர்த்தது நாம்தான்.

சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்கிறீர்களா? வாடகை வேனுக்கு முதல் 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. சொந்த வண்டிக்கு 15 வருடம் கழித்துத்தான் கேள்வியே. புது பெயிண்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி வரிசையில் நிற்கிற வண்டி, நிற்கும்போது உறுமாது. 2012-ல் தாம்பரம் பக்கத்தில் முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி செத்துப்போனாள். அந்தப் பேருந்துக்கும் எஃப்.சி. இருந்தது. பள்ளி வாகனங்களுக்கென்று தமிழக அரசின் தனி விதிகள் அதன் பிறகுதான் வந்தன. காகிதத்துக்குக் காது கிடையாது, சார்!

எனவே, வண்டி உறுமினால் முதலில் பாட்டை நிறுத்துங்கள். எப்போது, எந்த வேகத்தில், எந்த வளைவில் என்று குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். கழற்றிய பழைய பார்ட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். முக்கியமாக, கண்டுபிடித்ததற்குத் தனியாகக் கூலி கொடுங்கள். எதுவும் மாற்றாவிட்டாலும் கொடுங்கள். பெரியவரிடம் நான் 200 ரூபாய் நீட்டினேன். வாங்கவே கூச்சப்பட்டார். அவர் அல்ல, நாம் கூச்சப்பட வேண்டும்.

குத்தாலத்துச் சிவனுக்கு 'சொன்னவாறறிவார்' என்று ஒரு பெயர் உண்டு. அந்த ஊரிலேயே மூன்று மெக்கானிக்குகள், சொன்னதைக்கூடக் கேட்காமல் ஸ்பானரை எடுத்திருக்கிறார்கள்!