ஒரே படத்துக்கு எத்தனை பெயர்?

தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. நோயாளி திடுக்கிட்டார்!

இது நடந்தது 2009-ம் ஆண்டில். அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மூளையின் ரத்த ஓட்டத்தைப் பார்க்க அவருக்கு "சி.டி. ஸ்கேன்" எடுத்திருந்தார்கள்.

விசாரித்தபோது உண்மை வெளியே வந்தது. எந்திரத்தின் அளவை மாற்றி வைத்ததில் தவறு நேர்ந்துவிட்டது. கொடுக்க வேண்டியதைப் போல் 8 மடங்கு கதிர் பாய்ந்திருக்கிறது. அவர் ஒருவருக்கு மட்டும் அல்ல, 200-க்கு மேற்பட்டவர்களுக்கு! 18 மாத காலம் அதை யாரும் கவனிக்கவில்லை.

கதிர் கூடினால்...

சி.டி. ஸ்கேனும் ஒரு வகை எக்ஸ்ரேதான். எந்திரம் உடலைச் சுற்றி வந்து பல படங்கள் எடுக்கிறது. அதனால் சாதாரண எக்ஸ்ரேயைவிட அதில் கதிர் அதிகம். நோயைக் கண்டுபிடிக்க அது தேவை. ஆனால் தேவைக்கு மேல் போனால் தீங்கு.

அளவு கூடிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மற்ற ஆஸ்பத்திரிகளின் அளவோடு ஒப்பிட வேண்டும். அதற்காக அமெரிக்கக் கதிரியல் கல்லூரி என்ற டாக்டர்கள் சங்கம் 2011-ம் ஆண்டில் ஒரு பொதுக் கணக்கைத் தொடங்கியது. ஆஸ்பத்திரிகள் தங்கள் கதிர் அளவுகளை அதற்கு அனுப்புகின்றன.

பெயர்க் குழப்பம்

அங்கேதான் வந்தது சிக்கல்! ஓர் ஆஸ்பத்திரியில் "தலை ஸ்கேன்" என்று எழுதுவதை, இன்னொன்றில் "மூளை ஸ்கேன்" என்று எழுதினார்கள்.

வீட்டுக் கணக்கு நோட்டில் ஒரு மாதம் "பால்" என்றும், மறு மாதம் "மாட்டுக்காரர்" என்றும், அதற்கடுத்த மாதம் "காலைச் செலவு" என்றும் எழுதினால், பால் செலவு கூடியதா, குறைந்ததா என்று சொல்ல முடியுமா?

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மூளையின் ரத்த ஓட்டத்தைப் பார்க்க, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்க வேண்டும். அதற்குக் கதிர் இயல்பாகவே அதிகம். அதையும் சாதாரணத் தலைப் படத்தையும் ஒரே பெயரில் எழுதினால், தவறு அதற்குள் ஒளிந்துகொள்ளும்!

ஒரு படம், ஓர் எண்

வட அமெரிக்கக் கதிரியல் சங்கம் இதற்கு வழி கண்டது. "ராட்லெக்ஸ் பிளேபுக்" என்ற பட்டியலைத் தயாரித்தது. உடலின் எந்தப் பகுதி? மருந்து ஊசி போட்டு எடுத்ததா, போடாமல் எடுத்ததா? என்ன காரணத்துக்காக? இவற்றைப் பார்த்து ஒவ்வொரு வகைப் படத்துக்கும் ஓர் எண். ஆஸ்பத்திரி தன் பழைய பெயரையே வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் அந்த எண்ணைச் சேர்த்தால் போதும்.

நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு எண் தேடுவது அலுப்பான வேலைதான். ஆனால் அந்த அலுப்புக்கு அஞ்சி விட்டுவிட்டால், அளவு தவறியதை யார் சொல்வது? நோயாளியின் தலைமுடி உதிர்ந்துதான் சொல்ல வேண்டுமா?

டாக்டர் அவசியம் என்று சொல்லும் ஸ்கேனுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் எடுத்த படம் எது, கொடுத்த கதிர் எவ்வளவு என்பதை ஒழுங்காக எழுதி வைப்பது ஆஸ்பத்திரிகளின் கடமை. பெயர் சரியாக இருந்தால்தான் கணக்கு சரியாக இருக்கும். கணக்கு சரியாக இருந்தால்தான் நோயாளிக்குப் பாதுகாப்பு!