ஏர்போர்ட் டாக்ஸி: கொள்ளை அடிக்கிறது யாருங்க?

மக்களே, இன்னிக்கு ஒரு சின்ன சண்டை போடலாம்னு வந்திருக்கேன்.

நம்மாளுங்க யாரு பீளமேட்டுல வந்து இறங்கினாலும் மறுநாளே ஒரு பதிவு வந்துடுது. "கோயமுத்தூர் ஏர்போர்ட் டாக்ஸி, பகல் கொள்ளை!" நானும் இதே பாட்டைப் பாடினவன்தான். இப்போ கட்சி மாறிட்டேன். ஏன்னு சொல்றேன்.

போன கார்த்திகையில சென்னையிலிருந்து ராத்திரி ஃப்ளைட். எங்க ஊர்ப்பக்கம், அன்னூர்க்காரத் தம்பி ஒருத்தர் சொந்தமா கார் வெச்சு ஓட்டறார். வடவள்ளிக்கு 850 ரூபாய்னு போன்லயே பேசி முடிச்சாச்சு. ஃப்ளைட் ஒண்ணே முக்கா மணி நேரம் லேட்டு. பெட்டிக்குக் காத்திருந்த நேரத்துல கை சும்மா இருக்காம ஆப்பைத் திறந்தேன். 590 காட்டுச்சு. 260 ரூபாய் மிச்சம்!

"தம்பி, மச்சான் வந்துட்டான், நீங்க கிளம்புங்க"ன்னு ஒரு பொய். "செரிங்ணா, பாத்துப் போங்க"ன்னு வெச்சுட்டார். வெளியே வந்து ஆப் கார்ல ஏறும்போது பார்த்தா, பத்தடி தள்ளி நின்னுட்டு இருக்கார். அவர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

இப்போ கணக்குக்கு வாங்க. ஏர்போர்ட்டிலிருந்து வடவள்ளி சுமார் 20 கிலோமீட்டர். நம்ம கண்ணுக்குத் தெரியறது அவ்வளவுதான். ராத்திரி ஒரு மணிக்கு வடவள்ளியிலிருந்து திரும்ப எவன் ஏறுவான்? ஆக வண்டிக்கு 40 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய்னு வெச்சாலே 270 ரூபாய் போச்சு. ஆப் கம்பெனி டிரைவருக்குக் குறைஞ்சது 80 சதவீதம் தரணும்னு மத்திய அரசோட வழிகாட்டு நெறியே சொல்லுது. 590-ல 80 சதவீதம் 472. பெட்ரோல் போக மிச்சம் 202. இதுலதான் வண்டி டியூ, இன்சூரன்ஸ், டயர், ராத்தூக்கம் எல்லாமே. இப்போ சொல்லுங்க, 850 கொள்ளையா?

"அதே ஆப் மழை பேஞ்சா ரேட்டை ஏத்துதே"ம்பீங்க. ஏத்தும். அடிப்படைக் கட்டணத்துல ஒன்றரை மடங்கு வரைக்கும்னு இருந்த வரம்பை 2025 ஜூலையில ரெண்டு மடங்காக்கிட்டாங்க. அதை மட்டும் வாயைத் திறக்காம கட்டிடறோம். போன்ல காட்டினா விலை, மனுசன் வாயால சொன்னா கொள்ளை!

டிரைவருங்க எல்லாம் உத்தமருன்னு சொல்ல வரலீங்க. போன்ல ஒரு ரேட்டு, வீட்டு வாசல்ல "பார்க்கிங் தனிங்க, நைட் சார்ஜ் தனிங்க, ஏசி போட்டமில்லீங்க"ன்னு இன்னொரு ரேட்டு சொல்றவங்க இருக்காங்க. அதுதான் கொள்ளை. அதை நானும் திட்டுவேன்.

அதனால நாயமான ரேட்டுன்னா குறைஞ்ச ரேட்டு இல்லைங்க. முன்கூட்டியே பேசி, ரெண்டு பக்கமும் மாத்தாம நிக்கற ரேட்டு. பேசும்போதே நாலு கேள்வி கேளுங்க. பார்க்கிங் சேர்த்தா? ராத்திரிக்குத் தனியா? ஃப்ளைட் லேட்டானா எவ்வளவு நேரம் நிப்பீங்க, அதுக்கு மேல எவ்வளவு? கேன்சல் பண்ணினா என்ன? பதிலை எஸ்.எம்.எஸ்., வாட்ஸப், எதுலயாவது எழுதி வாங்குங்க. கட்டுப்படியாகலையா, சித்ரா ஸ்டாப்புக்கு வந்து டவுன் பஸ் புடிங்க, தப்பே இல்லை. ஆனா வரச் சொல்லிட்டுக் கழட்டி விடாதீங்க.

2025 அக்டோபர்ல கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரைக்கும் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்து, ஜி.டி.நாயுடு பேரை வெச்சாங்க. 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒத்த பஸ் ஓட்டிப் பொழப்பை ஆரம்பிச்ச மனுசன். வண்டி ஓட்டிப் பொழைச்சவர் பேருல இருக்கற பாலத்து மேல சல்லுனு போய்க்கிட்டே, வண்டி ஓட்டறவனை ஏமாத்தறோம்.

அடுத்த வாரம் அன்னூர் போனப்போ அந்தத் தம்பிகிட்ட 850-ஐ நீட்டினேன். "ஓடாத வண்டிக்கு எதுக்குங்ணா காசு"ன்னுட்டு, அன்னிக்குக் கட்டின பார்க்கிங் காசை மட்டும் எண்ணி எடுத்துக்கிட்டார்.

பகல் கொள்ளைன்னு எழுதறவங்க, அந்த ராத்திரிக் கொள்ளையையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்க சாமி.