மொட்டை மாடி சோலார் பந்தல்... புயல் காற்றைத் தாங்குமா?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் சோலார் போடுபவர்களுக்கு இடம்தான் பிரச்னை. அதனால் எட்டடி உயரத்தில் பந்தல் போட்டு, மேலே பேனல். கீழே துணி காயப்போடலாம். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியமும் உண்டு. எல்லாம் சரி, காற்று?

"நாலு பக்கமும் ஓப்பன்தானே, காத்து போயிடும்" என்பது பாதி உண்மை. சாய்வான பேனலைக் காற்று மேலிருந்து உறிஞ்சும், கீழிருந்து தள்ளும். இரண்டும் சேர்ந்தால் பந்தலையே தூக்கும். கீழே தகரம் அடித்து அடைத்தால் இன்னும் மோசம்.

ஐ.எஸ். 875 (பகுதி 3) விதிப்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ அழுத்தம். இரண்டரை சதுர மீட்டர் பேனலுக்கு 375 கிலோ! சாய்வு, உயரத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். பேனலின் எடையோ சுமார் 30 கிலோதான். பிடித்து நிறுத்த வேண்டியது போல்ட்டும் அஸ்திவாரமும்தான்.

2016 டிசம்பர் 12-ல் வர்தா ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததை சென்னை மறக்கவில்லை. மாடியிலிருந்து பேனல் பறந்தால், விழுவது தெருவில் போகிறவர் மீது.

"ஒண்ணும் ஆகாது சார்" என்பது கணக்கு இல்லை. பொறியாளர் கையெழுத்திட்ட காற்றுச் சுமைக் கணக்கு இருந்தால்தான் மானியம் என்று அரசு சொல்ல வேண்டும். அதுவரை, கொட்டேஷன் வாங்கும்போதே நாம் கேட்போம்.