மயிலு செஞ்ச தப்பு என்ன?

பாரதிராஜா தேனி அல்லிநகரத்துக்காரர். இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர். ரெண்டு பேரும் சேர்ந்த '16 வயதினிலே' 1977 செப்டம்பர் 15-ல் வெளிவந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இது சொந்த ஊர்ப் படம் மாதிரி. டீக்கடையில் பேச்செடுத்தால் போதும், சப்பாணி மாதிரி நடந்து காட்டுவார்கள், பரட்டை மாதிரி வசனம் பேசிக் காட்டுவார்கள். மயிலைப் பற்றிக் கேட்டால் மட்டும் பெருசுகளிடம் ஒரே பதில்தான்... "அவ ஆட்டம் போட்டா, அனுபவிச்சா!"

சரி, அப்படி என்னதான் ஆட்டம் போட்டாள்?

பத்தாவது பாஸ் பண்ணினாள். டீச்சர் ஆக ஆசைப்பட்டாள். பட்டணத்திலிருந்து வந்த மாட்டு டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள், பேசினாள், பழகினாள். அவரை நம்பி டீச்சர் டிரெயினிங்கையே விட்டாள். அவர் எல்லை மீறப் பார்த்தபோது மறுத்தாள். அவ்வளவுதான்! இதற்குக் கிடைத்த தண்டனை? டாக்டர் கைகழுவிவிட்டு வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டார். பரட்டை ஊர் முழுக்கக் கதை கட்டினான். ஆத்தா குருவம்மா அந்த அதிர்ச்சியிலேயே செத்துப்போனாள்.

காமர்ஸ் மாணவர்கள் முதலில் படிக்கும் பாடம் இரட்டைப்பதிவு முறை. ஒரு பக்கம் பற்று எழுதினால் எதிரே வரவு இருந்தே ஆக வேண்டும். ஊர் எழுதும் பேரேட்டுக்கு மட்டும் இந்த விதி கிடையாது. மொத்தமும் மயில் கணக்கில் பற்று. படித்தவர், வயதில் மூத்தவர், பொழுதுபோக்குக்குத்தான் பழகினேன் என்கிறவர்... அந்த டாக்டரின் பக்கத்தில் ஒரு வரி கூட இல்லை. கதை கட்டிய பரட்டைக்கோ கைதட்டல்!

இன்னொரு விஷயம். 1977-ல் பெண்ணுக்குச் சட்டப்படி திருமண வயது 15. அது 18 ஆனது 1978-ல் வந்த திருத்தத்தால்தான். அதாவது, பெரியவர்கள் பார்த்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட 16 வயசு போதும். அதே பெண் தானாக ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால், "இந்த வயசுல உனக்கு என்ன தெரியும்?" இதில் என்ன நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள். (மயிலாக நடித்த ஸ்ரீதேவிக்குப் படம் வந்தபோது வயசு 14!)

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. 1878-ல் ஹென்றி ஜேம்ஸ் எழுதிய 'டெய்ஸி மில்லர்' கதையிலும் இதேதான். துறுதுறுவென்ற ஓர் அமெரிக்கப் பெண், ரோம் நகரத்தில் ஒரு இத்தாலிக்காரனோடு ஊர் சுற்றுகிறாள். அங்கிருக்கும் அமெரிக்கப் பெரிய மனுஷிகள் அவளை ஒதுக்கி வைக்கிறார்கள். ராத்திரி கொலோசியம் போனதில் காய்ச்சல் வந்து செத்துப்போகிறாள். அவள் மேல் எந்தக் களங்கமும் இல்லை என்று புதைத்த இடத்தில் நின்று சொல்கிறான் அந்த இத்தாலிக்காரன். செத்த பிறகு வரும் நற்சான்றிதழ் யாருக்கு வேண்டும்?

"ஆத்தா பேச்சைக் கேட்டிருந்தா இந்த நிலைமை வந்திருக்குமா?" என்று கேட்கலாம். ஆளைத் தப்பாக எடை போட்டாள், உண்மைதான். 16 வயசில் எடை போடத் தெரியாமல் போவது தப்புக்கணக்கு. திருத்திக்கொள்ளலாம். அதற்கு ஒரு வருஷப் படிப்பு போகலாம், நாலு நாள் அழுகை வரலாம். வாழ்க்கையே போக வேண்டுமா? குருவம்மாவைக் கொன்றது மயிலின் சிரிப்பு இல்லை, ஊரின் வாய்.

பாரதிராஜாவைப் பாராட்ட வேண்டிய இடமும் உண்டு. அவர் மயிலைச் சாகடிக்கவில்லை. ஜெயிலுக்குப் போன சப்பாணிக்காக ரயில்வே ஸ்டேஷனில் காத்திருக்க வைத்தார். சப்பாணி திரும்பி வந்தானா என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். அவளுடைய டீச்சர் வேலை என்ன ஆச்சு என்று ஒருத்தரும் கேட்பதில்லை!

"பொம்பள சிரிச்சா போச்சு, புகையில விரிச்சா போச்சு" என்று பழமொழி சொல்லும் பெருசுகளுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த முறை காலேஜ் பஸ்ஸில் ஒரு பெண் எவனோடோ சிரித்துப் பேசுவதைப் பார்த்தால், அதை அவள் வீட்டில் போய்ச் சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அவள் படிப்பு நின்றுபோனால், அந்த ஊரில் அன்றைக்குப் பரட்டை நீங்கள்தான்.