பச்சை விழும் இடத்துக்கு விலை வைத்தவர்கள் பதில் சொல்லட்டும்

கோவைத் துடியலூர்ப் பிள்ளைகள் கூடைப்பந்தை இரண்டு இடங்களில் ஆடுகிறார்கள். ஒன்று பள்ளியின் சிமெண்ட் தளம். மற்றொன்று திரை. தளத்தில் காசு கொடுத்து எவனும் த்ரீ பாயிண்ட் போட முடியாது. திரையில் முடிகிறது. அதை அனுமதித்தவர்கள் குற்றவாளிகள். அதைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் உடந்தை.

கோவைக்குக் கூடைப்பந்து தெரியும். பி.எஸ்.ஜி. கோப்பையும் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பையும் பல பத்தாண்டுகளாக நாட்டின் முன்னணி அணிகளை இங்கே வரவழைத்திருக்கின்றன. ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்பவனின் மணிக்கட்டைப் பார்த்தே பந்து விழுமா என்று சொல்லும் பெரியவர்கள் இந்த ஊர் கேலரியில் உண்டு. பயிற்சி என்றால் என்ன என்று அறிந்த ஊர் இது. இங்கே வளரும் பிள்ளையிடம்தான் பயிற்சியை விலைக்கு விற்கிறார்கள்.

விற்பது என்பிஏ 2கே என்னும் திரை ஆட்டம். 1999 முதல் வரும் தொடர். விஷுவல் கான்செப்ட்ஸ் உருவாக்குகிறது. டேக்-டூ நிறுவனத்தின் 2கே வெளியிடுகிறது. எதிரில் நின்ற இஏ நிறுவனத்தின் என்பிஏ லைவ், 2018இல் வந்த பதிப்போடு நின்றுபோனது. அதன்பின் கணினியிலும் கன்சோலிலும் இதற்கு நிகரான போட்டி இல்லை. வாங்குபவனுக்கு வேறு வழி இல்லை என்பது விற்பவனுக்கு நன்றாகத் தெரியும்.

நிஜத்தை எவ்வளவு காட்டுவது, ஆடுபவனின் கைத்திறனுக்கு எவ்வளவு இடம் தருவது? இந்த வகை ஆட்டத்தின் உண்மையான சிக்கல் இதுதான். ஸ்டீஃபன் கரி 2015–16 பருவத்தில் 402 த்ரீ பாயிண்ட் போட்டார். ஒரு பருவத்துக்கான சாதனை அது. அந்த ஆண்டிலும் அவர் எறிந்தவற்றில் பாதிக்கு மேல் விழவில்லை. நிஜம் அப்படிப்பட்டது. திரையிலோ, ஷாட் மீட்டரில் சரியான நொடியில் விரலை எடுத்தால் பச்சை விழும். பச்சை விழுந்தால் பந்து கூடைக்குள். இது கைத்திறனுக்குத் தரும் மரியாதை. இரண்டுக்கும் நியாயம் உண்டு. எங்கே கோடு போடுவது என்று வடிவமைப்பாளர்கள் வாதாடலாம். அந்த வாதத்தில் பணப்பைக்கு இடமே இல்லை.

இவர்கள் அங்கேதான் பணப்பையை நுழைத்தார்கள். ஒரே வீரனை வளர்த்து ஆடும் மைகேரியர் பகுதியில் உங்கள் வீரன் 60 என்ற தர எண்ணில் தொடங்குகிறான். எண் உயர உயரப் பச்சை விழும் இடைவெளி அகலும். எண்ணை உயர்த்த விசி என்னும் ஆட்ட நாணயம் வேண்டும். விசி கடையில் கிடைக்கும். சில நூறு ரூபாயோடு அது நிற்பதில்லை. நூறு டாலர் மூட்டையும் உண்டு. ஆட்டத்தையே முழு விலை கொடுத்து வாங்கிய பிறகு இது. காசு கொடுத்தவனுக்கு இடைவெளி அகலம். கொடுக்காதவனுக்குக் குறுகல். இருவரும் ஒரே தளத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள்.

ஆடியே விசி சேர்க்கலாம் என்பார்கள். எத்தனை இரவுகள்? பரீட்சை எழுத வேண்டிய பிள்ளையின் இரவுகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். இந்தக் குறுக்குவழிக்கு நிஜத்தன்மை என்று பெயர் வேறு சூட்டுகிறார்கள். புது வீரன் பலவீனமாகத்தானே இருப்பான் என்கிறார்கள். நிஜத்தில் புது வீரன் உழைத்து வளர்கிறான். கடன் அட்டை தேய்த்து வளர்வதில்லை.

இது தவறி நேர்ந்த பிழை இல்லை. 2017இல் வந்த பதிப்பில் தலைமுடி வெட்டுவதற்குக்கூட விசி கேட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் முடிவெட்டின் விலையைக் குறைத்தார்கள். திறமையின் விலையில் கைவைக்கவில்லை. 2019இல், வீரர் அட்டைகளைச் சேர்த்து அணி அமைக்கும் மைடீம் பகுதியின் முன்னோட்டத்தில் சூதாட்ட விடுதியின் ஸ்லாட் எந்திரத்தையும் சுழல் சக்கரத்தையும் பெருமையோடு காட்டினார்கள். ஐரோப்பாவில் அந்த ஆட்டத்தின் வயதுக் குறி 3. மூன்று வயது! 2020இல், காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்துக்குள் தாண்ட முடியாத விளம்பரம் ஓட்டினார்கள். பிடிபட்டதும் திருத்துவோம் என்றார்கள். பிடிபட்டால்தான் திருத்துவார்கள்.

உள்ளே என்ன வீரன் இருக்கிறான் என்று தெரியாமலே காசு கொடுத்துப் பிரிக்கும் மைடீம் பேக்கை 2018இல் பெல்ஜியம் தடுத்தது. அங்கே அவற்றைப் பணத்துக்கு விற்பதை 2கே நிறுத்தியது. நிறுத்திய கையோடு, அந்நாட்டு ரசிகர்களை அரசுப் பிரதிநிதிகளிடம் போய்ப் பேசச் சொன்னது. தன் வியாபாரத்துக்கு வாடிக்கையாளரையே வக்கீலாக்கிய நிறுவனம் இது.

இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோர் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். ஒரு பதிப்பின் இணையச் சேவையகம் வெளியாகி இரண்டு ஆண்டு சொச்சத்தில் மூடப்படுகிறது. 2022 செப்டம்பரில் வந்த 2கே23இன் சேவையகம் 2024 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. அதோடு மைடீம் போனது. காசு கொடுத்துச் சேர்த்த அட்டைகள் போயின. அடுத்த பதிப்பில் மறுபடியும் 60. மறுபடியும் கடை. சிமெண்ட் தளத்தில் கற்ற லே-அப்பை எந்த நிறுவனமும் டிசம்பர் 31 அன்று பிடுங்கிக்கொள்வதில்லை.

இந்த ஆட்டத்துக்குப் பெயரையும் சின்னத்தையும் கொடுத்தது அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ. 2019இல் மும்பையில் ஆட்டம் நடத்தி இந்தியப் பிள்ளைகளைக் கவர வந்த அமைப்பு அது. தன் பெயரில் நடக்கும் வியாபாரத்துக்கு அது பொறுப்பேற்க வேண்டும்.

நம் அரசுகளும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022இல் ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவை நிறைவேற்றியது. அது 2023இல் சட்டமானது. ஒன்றிய அரசு 2025இல் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டின் குறியும் பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்கள். பணம் கட்டி அட்டை பிரிக்கும் ஆட்டத்தைப் பற்றி அவற்றில் தெளிவான ஒரு சொல் இல்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் வீட்டுப் பணம் வெளியேறுகிறது. சட்டம் போட்டவர்கள் இதைப் பார்க்கவில்லையா? பார்த்தும் விட்டுவிட்டார்களா? சொல்லட்டும்.

பிறரோடு ஆடும் களத்தில் விசியால் தர எண்ணை உயர்த்தும் வழியை 2கே அடைக்க வேண்டும். அங்கே எல்லோருக்கும் ஒரே இடைவெளி, ஒரே தொடக்கம். பேக் விற்பனையை 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அரசு தடை செய்ய வேண்டும். சேவையகம் மூடும் நாளை ஆட்டத்தின் உறையிலேயே, விலைக்குப் பக்கத்தில், தமிழிலும் அச்சிட வைக்க வேண்டும். புதிய பதிப்பு ஆண்டுதோறும் செப்டம்பரில் கடைக்கு வருகிறது. அடுத்த செப்டம்பருக்குள் இவை நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் எந்த அதிகாரி, எந்த அமைச்சகம், எந்த நிறுவனம் தடுத்தது என்று இதே பக்கத்தில் பெயர் சொல்லிக் கேட்போம்.